ஜப்பான் புத்தகம் மலையேறிய நாள்

அந்த மாநாட்டில் ஆறு பேர் இருந்தோம். ஆறில் ஒருத்தியை அருவி காட்டுவதாகப் பொய் சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள். இன்னொருத்தி சோறாக்க வந்தவள். கழித்துப் பார்த்தால் படக்கதை ரசிகர்கள் நான்கே பேர். ஆனாலும் அது மாநாடுதான். அழைப்பிதழில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சொந்த ஊர் அடிவாரத்தில் ஆலங்காயம். மலையில் வேலை என்று உத்தரவு வந்தபோது அம்மா அழுதாள். நான் அழவில்லை. நான் என்ன படிக்கிறேன் என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க மலையில் ஆளிருக்காது என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

நான் படித்தது படக்கதை. முகமூடி வீரர்கள், குதிரைமேல் போகிறவர்கள், மழைக்கோட்டு போட்ட துப்பறிவாளர்கள். மாதாமாதம் ஆலங்காயம் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடைக்காரர் ஒரு பிரதியைச் செய்தித்தாளில் சுற்றி ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். ஜீப் மேலே வரும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும், கீழே போகும்போது புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும். புத்தகம் என் கைக்கு வரும்போது எண்ணெய்க் கறையோடு இருக்கும். டிரைவர் முதலில் படித்துவிடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. "டீச்சர், அந்த ஒத்தக் கண்ணன்தான் கொலகாரன், பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்.

படித்துவிட்டு வாசகர் பக்கத்துக்குக் கடிதம் எழுதுவேன். பெயர் போட மாட்டேன். இரண்டு இனிஷியல், கீழே 'ஜவ்வாது மலை'. அம்மா பார்த்துவிடுவாள் என்ற பயம்தான் காரணம். ஆனால் தமிழ்நாட்டுப் படக்கதை வாசகர்கள் என்னைப் பெரிய மீசை வைத்த காட்டு மனிதனாக எண்ணிக்கொண்டார்கள். அதில் முக்கியமானவர் கணியம்பாடிக்காரர் ஒருவர். ஏதோ ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. தன்னைத்தானே வட்டார வாசகர் மன்றத் தலைவராக நியமித்துக்கொண்டவர். மன்றத்தில் வேறு யார் இருந்தார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. பத்திரிகையில் வந்த என் கடிதத்தைத் தாக்கி அவர் பத்திரிகை அலுவலகத்தில் முகவரி வாங்கி எனக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதினார். நான் திருப்பித் தாக்கினேன். இப்படியே ஒன்றரை வருஷம் போனது.

"அன்பு நண்பரே, உங்கள் வாதம் நெஞ்சுரம் கொண்ட ஆண்மகனின் வாதம்" என்று ஒரு முறை எழுதினார். முதல் கடிதத்திலேயே நான் திருத்தியிருக்க வேண்டும். பத்தாவது கடிதத்தில் திருத்த வெட்கமாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. அதுவரைக்கும் எந்த ஆணும் என்னோடு இப்படி மரியாதையாகச் சண்டை போட்டதில்லை. அதை இழக்க மனசில்லை.

அப்புறம் அவருக்கு மாநாடு நடத்தும் ஆசை வந்தது. வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் வாசகர் ஒருவரிடம் ஜப்பான் படக்கதைப் புத்தகம் இருப்பதாகவும், தமிழ் மண்ணில் அப்படி ஒன்று இருப்பது அதுதான் முதல் தடவை என்றும், அதை வாசகர்கள் முன்னிலையில் "ஆராய வேண்டும்" என்றும் எழுதினார். இப்போது அதற்கு மங்கா என்று பெயர் சொல்கிறார்கள். அப்போது யாராவது அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் உப்பும் மிளகாய்த்தூளும் எங்கே என்று கேட்டிருப்போம்.

இடம்தான் கிடைக்கவில்லை. படக்கதை படிக்கிற பெரியவர்களுக்குக் கூட்டம் போட யார் இடம் கொடுப்பார்கள். கடைசியில் எனக்கு எழுதினார். "உங்கள் பள்ளி விடுமுறையில் காலியாக இருக்குமே. நாம் ஆண்கள்தானே, எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து கொள்வோம்."

பொங்கல் விடுமுறையில் பிள்ளைகள் அவரவர் ஊருக்குப் போயிருந்தார்கள். தலைமையாசிரியரிடம், படங்கள் வழியாகக் கற்பிப்பது பற்றிக் கீழேயிருந்து சிலர் பேச வருகிறார்கள் என்று சொல்லி அனுமதி வாங்கினேன். முழுப்பொய் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, நாற்பது வயது, முன்வழுக்கை. சட்டை முழுக்க செம்மண். அவர்தான் தலைவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் சேலையில், தலையில் ஒரு முழம் கனகாம்பரத்தோடு வாசலில் நின்றேன்.

"சார் இல்லீங்களா?" என்றார்.

"எந்த சார்?"

அவர் என் இனிஷியலைச் சொன்னார்.

"நான்தாங்க அது."

தலைவர் பின்னால் திரும்பி ஜீப்பைப் பார்த்தார். அதில் ஏறித் திரும்பிவிடலாமா என்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் டிரைவர் ஏற்கெனவே இறங்கிப் பீடி பற்றவைத்துவிட்டார். "இன்னா சார் முழிக்கிறீங்க? எங்க டீச்சர் உங்களவிட நெறயப் படிச்சவங்க. ஒத்தக் கண்ணன் கதைய மூணாம் பக்கத்துலயே கண்டுபிடிச்சுட்டாங்க" என்றார். அது பொய். அவர்தான் எனக்குச் சொன்னார். இருந்தாலும் நான் மறுக்கவில்லை.

அடுத்து இறங்கியது ஒரு புதுமணத் தம்பதி. ஆலங்காயத்துத் தையற்கடைக்காரரும் மனைவியும். கல்யாணமாகி இருபது நாள். அந்தப் பெண் பட்டுச் சேலையில், கையில் ஒரு பையோடு இறங்கிச் சுற்றிலும் பார்த்தாள். பள்ளிக் கட்டடம், கொடிக்கம்பம், காய்ந்த சாமை வயல், தூரத்தில் இரண்டு மாடு.

"அருவி எங்க?" என்றாள் புருஷனிடம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலைவரைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் விழுகிற தண்ணீர் என்று பார்த்தால் எங்கள் தொட்டிக் குழாயில் சொட்டுவதுதான்.

"மாத்துத் துணி வேற எடுத்தாந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

கடைசியாக இறங்கியவர் வாணியம்பாடிக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள். ஐம்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு, அதிர்ந்து பேசாத ஆள். புத்தகத்தை ஒரு துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டே வந்தார். தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் பொருத்த வந்த ஜப்பான் இன்ஜினியர் மூன்று மாதம் தங்கியிருந்துவிட்டுப் போகும்போது வேண்டாமென்று ஒதுக்கிவைத்த புத்தகம் அது. கேட்டதற்கு, வைத்துக்கொள்ளுங்கள் என்று கையால் காட்டினாராம். பாய் அதற்குப் பள்ளிப் பிள்ளைகள் போல் பழுப்புக் காகித அட்டை போட்டு வைத்திருந்தார்.

அழைப்பிதழ் அனுப்பிய மீதி எட்டுப் பேர் வரவில்லை. தலைவர் எட்டாம் வகுப்பு அறையில் கரும்பலகைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மடங்க உட்கார்ந்தோம். சமையல்கார அக்கா எல்லோருக்கும் கடுங்காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். மலைக்காரப் பெண், நாற்பது வயதிருக்கும். நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஒற்றை ஆளாகச் சமைத்துப் போடுகிறவள். கூட்டம் என்றால் இன்னா செய்வாங்க என்று பார்க்க நின்றாள்.

தலைவர் ஒரு உரை எழுதி வந்திருந்தார். பதினோரு பக்கம். மனித குலம் குகைச்சுவரில் படம் வரைந்த காலத்திலிருந்து ஆரம்பித்தார். குகையை விட்டு வெளியே வரவே அரைமணி ஆனது. ஆறாம் பக்கத்தில் பாய் மெதுவாக, "ஐயா, புஸ்தகம் பாக்கலாமுங்களா?" என்றார். தலைவர் மனசில்லாமல் காகிதங்களை மடித்தார்.

துண்டைப் பிரித்துப் பாய் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, நல்ல தடிமன். உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்கள். எங்கள் புத்தகங்களில் ஒரு ஆள் கதவைத் திறந்தால் ஒரே படம். இதில் கைப்பிடிக்கு ஒரு படம், கைக்கு ஒரு படம், நெற்றி வியர்வைக்கு ஒரு படம். கதவு திறப்பதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. கோபப்பட்டவன் முகத்தைச் சுற்றிக் கோடு கோடாகப் பறந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. அதுவரை படித்ததெல்லாம் நின்றுகொண்டிருந்தது, இது ஓடியது.

எழுத்து மட்டும் ஒன்றும் புரியவில்லை. அதனால் தலைவருக்குக் குறையொன்றும் இல்லை. பக்கம் பக்கமாகத் தூக்கிக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தார்.

"முதல் பக்கம். பாருங்கள். எல்லோரும் இவனுக்குத் தலை வணங்குகிறார்கள். இவன் ஒரு தளபதி. கையில் வாள். அடுத்து, பெரிய சபையில் போட்டி. அதில் ஏதோ சூழ்ச்சி. அடுத்து, இந்தக் கிழட்டு வில்லன் இவனைத் திட்டுகிறான். பதவி போகிறது. வாள் சிறிதாகிவிட்டது, கவனித்தீர்களா? அதிகாரம் குறையக் குறைய ஆயுதமும் குறைகிறது. மாபெரும் குறியீடு. கடைசியில் தளபதி அடிமையாகிப் பாத்திரம் கழுவுகிறான். முடிவில் ஒரு மூட்டையோடு ரயிலில் தனியாக எங்கோ போகிறான். வீழ்ச்சி. ஒரு மாபெரும் வீழ்ச்சி."

தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அந்தத் தளபதிமேல் இரக்கம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். தலைவர் தூக்கிக் காட்டிய முதல் பக்கத்தின் மூலையில் சின்னதாக 198 என்று எண் போட்டிருந்ததை நான் பார்த்தேன். அடுத்தது 197. நான் கணக்கு டீச்சர். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஜப்பானில் ஒரு வேளை இறங்குவரிசையில்தான் எண்ணுவார்களோ என்னவோ என்று விட்டுவிட்டேன். நன்றாகப் பேசுகிற ஆளின் முன்னால் நான் எத்தனையோ முறை இப்படி வாயடைத்துப் போயிருக்கிறேன்.

முதலில் வாயைத் திறந்தது கதவோரத்தில் நின்ற அக்கா.

"அது வாள் இல்ல சார். கத்தி. மீன் அறுக்கறான்."

"மீனா?"

"பின்ன இன்னா? பலகைமேல செவுளு கீது, செதிலு கீது. அவன் சமையக்காரன்."

எல்லோரும் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டோம். மீன்தான். பக்கத்துக்குப் பக்கம் மீன். தலைவர் தளபதி தளபதி என்று சொன்னதில் எங்கள் கண்ணுக்கு ஒரு மீன்கூடத் தெரியவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சமையல்காரனாகவே இருக்கட்டும். வீழ்ச்சி வீழ்ச்சிதானே" என்றார்.

அப்போதுதான் பாய் பேசினார். அவர் குரலில் அவ்வளவு தயக்கம்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா. நீங்க பெரியவரு, படிச்சவரு. ஆனா புஸ்தகத்தப் பின்னாலேர்ந்து பிடிச்சிருக்கீங்க."

"இன்னா பாய் சொல்றீங்க?"

"எங்க வூட்டுல உருது புஸ்தகம் எல்லாம் வலது பக்கத்துலேர்ந்துதான் தொறப்போம். இதும் அப்டித்தான். படமும் வலப்பக்கத்துலேர்ந்து பாத்துக்கிட்டு வரணும். நான் பதினஞ்சு தடவ பாத்துட்டேன்."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க நல்லா சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

தலைவர் புத்தகத்தைக் கீழே வைத்தார். அப்புறம் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஒரு மணி நேரமாக வாயைத் திறக்காத புதுப்பெண். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளைப் பார்த்து அக்கா சிரித்தாள், பிறகு நான். பாய் மட்டும் சிரிக்கவில்லை. தலைவரைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

பாய் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து முதலிலிருந்து காட்டினார். கிராமத்துப் பையன் ஒருவன் மூட்டையோடு ரயிலில் வந்து இறங்குகிறான். ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறான். கடுகடுப்பான ஒரு கிழவர் அவனைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். அவன் ஒளிந்து நின்று மீன் அறுக்கக் கற்றுக்கொள்கிறான். போட்டியில் ஜெயிக்கிறான். எல்லோரும் தலை வணங்குகிறார்கள்.

"இது சாதாரணக் கதை" என்றார் தலைவர். அவர் முகம் சிவந்திருந்தது. "என் கதைதான் இலக்கியம்."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் அவரும் அரசாங்கச் சம்பளக்காரர்கள். பெரிய ஆள் மெல்ல மெல்லச் சிறுத்துப் பாத்திரம் கழுவுவதுதான் எங்களுக்கு நம்பும்படியாக இருந்தது. அதைச் சொன்னேன். தலைவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "கடிதத்திலும் நீங்க இப்படித்தான் குத்துவீங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பெண் என்று நினைத்து ஒதுங்கவில்லை. பழையபடி சண்டைக்கு வந்தார்.

சாமைச் சோறும் துவரைக் குழம்பும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் யார் ஆரம்பித்தது என்று நினைவில்லை, தமிழில் வசனம் எழுதினால் என்ன என்று பேச்சு வந்தது. வெள்ளைத்தாளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எழுதி, ஜப்பான் எழுத்தின் மேல் ஒட்டலாம்.

பாய் பயந்தார். "ஒட்டினா எடுக்க வருமா?"

"கஞ்சிதாங்க தடவப் போறோம். ஈரத்துணி வெச்சா வந்துரும்" என்றாள் அக்கா.

தையற்காரர் கத்தரிக்கோலோடுதான் பயணம் செய்வாராம், எடுத்தார். வசனக் குமிழ் வடிவத்துக்குச் சரியாக வெட்டிக் கொடுத்தார். அன்று அவர் செய்த ஒரே காரியம் அதுதான், அதைப் பிழையில்லாமல் செய்தார். நான் எழுதினேன். மற்றவர்கள் சொன்னார்கள்.

ஊருக்கு வந்து இறங்கும் பையனுக்கு வசனமாகத் தலைவர், "மாநகரமே, உன் மடியில் எனக்கொரு இடம் தருவாயா?" என்று சொன்னார்.

"பத்தொம்பது வயசுப் புள்ள அப்டியா பேசும்?" என்றாள் அக்கா. "பசிக்குது, எங்கனா வேல கெடைக்குமான்னு கேப்பான்."

ஓட்டெடுத்தோம். பசிக்குது ஜெயித்தது. திட்டுகிற கிழவரை ஓட்டல் முதலாளி என்று வைத்துக்கொண்டோம். அவருக்கு வசனம் எல்லாம் அக்காவே சொன்னாள். "அடுப்பு எரியுது, நீ இன்னாடா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற?" "கழுவின பாத்திரத்துல மொகம் தெரியணும்." மூச்சுவிடாமல் வந்துகொண்டே இருந்தது. எழுத முடியாத சிலவற்றையும் சொன்னாள். பாய் காதைப் பொத்திக்கொண்டார், ஆனால் சிரித்தார்.

நடுவில் ஓர் இளம்பெண் வருகிறாள். இடுப்பில் கைவைத்துக் கதாநாயகனைப் பார்த்து நான்கு பக்கம் கத்துகிறாள். எதற்குக் கத்துகிறாள் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

"நான் சொல்றேன் எழுதுங்க" என்று புதுப்பெண் எழுந்து வந்தாள்.

எழுதினேன். "ஊரு காட்றேன்னு சொல்லிட்டு எங்க இட்டாந்து வுட்டுருக்க? வாயத் தொறந்தா பொய்யி. நான் இன்னா பொம்மையா? இன்னொரு வாட்டி இப்டி செஞ்சா எங்க அம்மா வூட்டுக்குப் போய்ட்டு திரும்பி வரமாட்டேன்." நான்கு பக்கமும் நிறைந்தன. பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம். அந்த ஜப்பான்காரிக்கு வாயசைப்புகூடச் சரியாக இருந்தது. தையற்காரர் தலைநிமிராமல் அந்த வசனத்துக்கும் காகிதம் வெட்டிக் கொடுத்தார்.

நாலு மணிக்கு ஜீப் வந்துவிட்டது. அறுபது பக்கம்தான் முடிந்திருந்தது. டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்தார், பிறகு உள்ளே வந்தார், பிறகு அவரும் உட்கார்ந்து படித்தார். "கிழவன் சரியான ஆளு" என்றார். அரைமணி தாமதமாகப் புளி மூட்டைகளின்மேல் ஏறிக்கொண்டு போனார்கள். புதுப்பெண் போகும்போது மாற்றுச் சேலைப் பையை என்னிடம் கொடுத்து, "நீங்களே வெச்சுக்கங்க டீச்சர், உங்களுக்கு நல்லா இருக்கும்" என்றாள். நான் வாங்கவில்லை. அருவிக்குப் போகும்போது வேண்டியிருக்கும் என்றேன். "எங்க போறது" என்றாள், ஆனால் புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

அடுத்த மாதம் வாசகர் பக்கத்தில் தலைவரின் கடிதம் வந்தது. ஜவ்வாது மலை மாநாட்டில் திரளான வாசகர்கள் கலந்துகொண்டதாகவும், தன் உரை முழுவதையும் அவர்கள் அமைதியாகக் கேட்டதாகவும் எழுதியிருந்தார். என்னைப் பற்றி, 'சகோதரி ஒருவர் ஏற்பாடுகளைச் சிறப்பாகச் செய்திருந்தார்' என்று ஒரு வரி. அன்றே எட்டுப் பக்கத்துக்கு அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதிலுக்கு ஒன்பது பக்கம் வந்தது.

கோடையில் பாய் ஒரு கார்டு போட்டார். இயந்திரம் பழுதாகி அதே ஜப்பான்காரர் மறுபடி வந்திருந்தாராம். பாய் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். மேனேஜர் நடுவில் நின்று எங்கள் தமிழை இங்கிலீஷில் சொல்ல, ஜப்பான்காரர் அறுபது பக்கமும் கேட்டாராம். நான்கு பக்கம் கத்தும் பெண் வந்தபோது மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாராம். பிறகு ஒரே ஒரு திருத்தம் சொன்னாராம். அந்தக் கிழவர் முதலாளி இல்லை, பையன் பிறக்கும் முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்ட, இளநரை விழுந்த சொந்த அண்ணன். வெளியே சொல்லாமல் தம்பிக்கு வேலை கற்றுக்கொடுக்கிறார். கடைசிவரைக்கும் தம்பிக்கு அது தெரியாது. 'ஆகையால் முதலாளி என்று வரும் சீட்டுகளை ஈரத்துணி வைத்து எடுத்துவிடலாமா, எல்லோரும் சொல்லவும்' என்று பாய் கேட்டிருந்தார்.

தலைவர் எடுக்க வேண்டும் என்று எழுதினார். உண்மை முக்கியமாம். தையற்கடையிலிருந்து, 'அவ எடுக்க வேணாங்கறா' என்று வந்தது. நான் கார்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். அக்கா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன்.

"அண்ணனா?" என்றாள். கொஞ்ச நேரம் கரைத்தாள். "அப்ப அந்தப் பாத்திரம் கழுவற வசனம் ரொம்ப ஜாஸ்தி. அத மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. மத்தது இருக்கட்டும்."

அப்படியே எழுதி ஜீப்பில் கொடுத்தனுப்பினேன். டிரைவர் கார்டைப் படித்துவிட்டு, "அண்ணன்தானா, நான் அப்பவே நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.